இரக்கக் குறியீடு

கள்ளக்குறிச்சியில் நல்லது செய்ய நினைத்தவர்களுக்கு முன்பெல்லாம் ஒரே ஒரு கஷ்டம்தான் இருந்தது. பணம் கிடையாது. எண்ணிம ஈகை மேம்பாட்டு நிறுவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அலுவலகம் திறந்த பிறகு, அந்த ஒரு கஷ்டம் நாற்பத்தேழாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம் வந்தது.

ரீத்தா அந்த மாடிப்படியை முதல்முறை ஏறியது தை மாதக் கடைசியில். கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை ஊர்களில் அவர் கையில் விழாத குழந்தை கம்மி. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ‘தாய் சேய் வண்டி’ என்று பக்கவாட்டில் எழுதி, அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்திருந்தார். அறக்கட்டளை என்றால் ரீத்தா, ஓட்டுநர் அய்யனார், ஜீப் ஆகிய மூவர். கல்வராயன் மலையில் சேராங்குட்டை என்று ஓர் ஊர். தார்ச்சாலை முடிகிற இடம் வரைக்கும் ஆம்புலன்ஸ் வரும். அதற்கு மேல் எட்டு கிலோமீட்டர் கல்லும் பள்ளமும்தான். அந்த எட்டு கிலோமீட்டருக்குத்தான் ஜீப். இப்போது அதன் கியர் பாக்ஸ் போய்விட்டது. சின்னசேலத்தில் பட்டறை வைத்திருக்கும் வெங்கடேசன், அறுபதாயிரம் இல்லாமல் வண்டி நகராது என்று கையை விரித்துவிட்டார். சேராங்குட்டையில் தேவிப்ரியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம், குழந்தை கொஞ்சம் பெரிது, பங்குனிக் கடைசியில் நாள். அதற்குள் ஜீப் ஓட வேண்டும். ரீத்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிறுவனத்தின் தலைமை ஈகை அலுவலர் சிவசங்கர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். இணையத்தில் எவ்வளவு திரட்டினாலும் அதே அளவு நிறுவனமும் போடும் என்று விளம்பரத்தில் இருந்தது. ரீத்தா அதைத்தான் கேட்க வந்திருந்தார்.

“நாங்க ஏழைங்களுக்கு உதவுறதில்ல மேடம்,” என்று சிவசங்கர் பெருமையோடு ஆரம்பித்தார். “அது பழைய மாடல். ஏழைங்களுக்கு உதவணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க இல்லையா, அவங்களுக்கு விரல் வலிக்காம பாத்துக்கறோம். அதுதான் எங்க சேவை.”

பயிற்சி மூன்று நாள். முதல் நாள் நன்கொடையாளரின் மனம் பற்றி. அவர் காலையில் கண் விழித்ததும் போனைப் பார்க்கிறார். இரக்கம் வருகிறது. பல் துலக்கியதும் போய்விடுகிறது. இடையில் நமக்கு இருப்பது நான்கு நிமிடம். இரண்டாம் நாள், அந்த நான்கு நிமிடத்தை மூன்றாகக் குறைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சான்றிதழ் வழங்கினார்கள், அதைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாக இன்னொரு சான்றிதழும் வழங்கினார்கள்.

“சார், ஜீப்ப எப்ப பாக்கறது?” என்று ரீத்தா கேட்டார்.

“ஜீப்ப மறந்துடுங்க மேடம். ஜீப்புக்கு யாரும் பணம் தர மாட்டாங்க. முகம் வேணும், முகம்.”

“ஜீப்புக்கு முன்னாடி ரெண்டு லைட்டு கீது சார்,” என்றார் பின்வரிசையிலிருந்து அய்யனார்.

சிவசங்கர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதையும் எழுதிக்கொள்வது நிறுவனத்தின் பண்பாடு.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இணையத்தில் நிதி திரட்டும் காலத்தில் வேறு வழியில் எதையும் வாங்கக் கூடாது. அறக்கட்டளைக்கு வேறு வழி என்று இருந்ததே ஒன்றுதான். ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் நைனார்பாளையத்தில் வீட்டுக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம் கொடுப்பார்கள். அதை விற்றுத்தான் டீசலும் டயரும். அந்த ஊர் விவசாயி கமலாதான் மூட்டைகளைச் சேர்த்து வைப்பார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார்.

“சிஸ்டர், மூட்ட கட்டி வெச்சிக்கினு இருக்கோம். இன்னும் ஆளக் காணோமே?”

“இந்த வருஷம் சோளம் வாங்கக் கூடாதாம் கமலா. கையெழுத்துப் போட்டுட்டேன். போன்லதான் போடணுமாம்.”

“சோளத்த எப்டி சிஸ்டர் போன்ல போடறது?”

மூன்று நாள் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. மூட்டைகள் வியாபாரிக்குப் போய்விட்டன.

அடுத்தது படம். நிறுவனத்தின் செயலிக்குக் ‘கருணை’ என்று பெயர். அது ஒரு முகத்தைப் பார்த்ததும் நூற்றுக்கு எவ்வளவு இரக்கம் தேறும் என்று மதிப்பெண் போட்டுவிடும். ரீத்தாவின் போனில் இருந்த தேவிப்ரியாவின் படத்துக்குப் பதினான்கு வந்தது.

“எழுபது இல்லாம தளத்துல ஏறாது மேம்,” என்றாள் கணினிப் பிரிவில் இருந்த எழில்மதி. நல்ல பெண். அந்த அலுவலகத்தில் ரீத்தாவுக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போடுகிற ஒரே ஆள் அவள்தான். “சிரிக்கிறாங்க பாருங்க, அதான் பிரச்சினை. அவங்க ஊர்லயே போய் எடுக்கணும். எடுத்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஏத்திடணும். இல்லன்னா பொய்ப் படம்னு தள்ளிடும்.”

ரீத்தா பஸ் ஏறித் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறங்கி, மூட்டுவலியோடு எட்டு கிலோமீட்டர் நடந்தார். தேவிப்ரியா வாசலில் நின்று சிரித்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்ததும், ‘முகத்தில் மகிழ்ச்சி தென்படுகிறது, திருத்தவும்’ என்று அது பேசியது. அதைக் கேட்டு அவள் இன்னும் சிரித்தாள். ‘உங்கள் வாழ்க்கையின் ஓர் இழப்பை நினைத்துக்கொள்ளவும்’ என்றது போன்.

“போன மாசம் ஒரு ஆடு காணாப் போச்சி,” என்று தேவிப்ரியா மிகவும் முயன்று முகத்தைச் சுருக்கினாள். “அப்பறம் அதுவே வந்துடுச்சி நர்சம்மா.” மறுபடியும் சிரிப்பு.

மாமியார் ராஜாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. “மொதப் புள்ள வவுத்துல கீது. புருசங்காரன் குடகுல வேல செஞ்சி மாசா மாசம் பணம் அனுப்பறான். இன்னாத்துக்கு நர்சம்மா அவ அழுவணும்?”

ஊருக்குள் போனில் சிக்னலும் கிடையாது, மொட்டைப்பாறை உச்சியில்தான் கிடைக்கும். கால் மணி நேர ஏற்றம். தேவிப்ரியா ஏறினாள். பாதிக்கு மேல் மூச்சு வாங்கியது, உச்சியில் வந்து நிற்கும்போது முகம் முழுக்க வியர்வை, ஒரு கை இடுப்பில், வாய் திறந்தபடி, கண் செருகியபடி. ரீத்தா பொத்தானை அழுத்தவே இல்லை. போன் தானாகவே எடுத்துக்கொண்டது. ‘வாழ்த்துகள்! உண்மையான துயரம் கண்டறியப்பட்டது. எழுபத்திரண்டு.’

ரீத்தாவுக்கு வெட்கமாக இருந்தது. வேலையில் இருந்த காலத்தில், ஏழு மாதக்காரியை யாராவது பாறை ஏற வைத்திருந்தால் அவர்களை ஊர் கேட்கத் திட்டியிருப்பார். இப்போது திட்டுவதற்கு அங்கே அவரைத் தவிர யாரும் இல்லை. தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் தளத்தில் ஏறியது. கூடவே ரீத்தா தன் கைப்பட எழுதிய நாலு வரியும் ஏறியது. அதை மெருகேற்ற நிறுவனத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. முதல் வாரம் சுமாராக வசூல். இரண்டாம் வாரம் திடீரென்று பிய்த்துக்கொண்டு போனது. ஜீப்புக்கு வழி பிறந்துவிட்டது என்று ரீத்தா மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெளியே வரும்போது குடகிலிருந்து போன் வந்தது.

“நர்சம்மா, நான் தமிழழகன், தேவி வூட்டுக்காரன் பேசறேங்க. நான் செத்துட்டனா?”

“இன்னாடா சொல்ற?”

“போன்ல போட்டுக்கீதே. நம்ம மலையில யான மிதிச்சி செத்துட்டனாம். காப்பித் தோட்டத்துல எங்கூட வேல செய்றவங்கல்லாம் அழுதுட்டு ஆளுக்கு நூறு ரூபா போட்டாங்க. நானும் போட்டேன்.”

“நீ எதுக்குடா போட்ட?”

“எல்லாரும் போடும்போது நான் மட்டும் எப்டிங்க சும்மா இருக்கறது?”

ரீத்தா நேராக மாடிப்படி ஏறினார். சிவசங்கர் பதற்றமே படவில்லை.

“யானைய நாங்க போடல மேடம். மெஷின் போட்டது. எது போட்டா பணம் வரும்னு அதுக்குத்தான் தெரியும்.”

“எங்க மலையில யானையே கிடையாது சார். அந்தப் பையன் உயிரோட இருக்கான்.”

“இருக்கட்டும் மேடம், எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா யானை வந்த அன்னிக்குதான் வசூல் மூணு மடங்கு ஆச்சு. இப்ப போய் அவர் உயிரோட இருக்கார்னு சொன்னா, குடுத்தவங்க மனசு எவ்வளவு புண்படும்? நன்கொடையாளர் நம்பிக்கையில நாம விளையாடக் கூடாது.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “வேணும்னா படிவம் இருக்கு. பதினஞ்சு வேலை நாள்ல உயிரோட இருக்கறதா திருத்திடலாம். அதுவரைக்கும் அவர அடக்கமா இருக்கச் சொல்லுங்க,” என்றார்.

தமிழழகன் பதினைந்து வேலை நாள் அடக்கமாக இருக்க ஒப்புக்கொண்டான். பெண்டாட்டிக்கு ஜீப் வருமென்றால் ஒரு மாதம்கூட இருப்பேன் என்றான்.

மாசி முடிவதற்குள் இலக்கு நிறைந்துவிட்டது. நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் திரையில் பச்சையாக மின்னியது. எழில்மதி அதை ரீத்தாவுக்குத் திருப்பிக் காட்டினாள். பார்க்கலாம், எடுக்க முடியாது. பலன் தெரிந்தால்தான் பணம் வெளியே வரும். ஜீப் ஓடுகிற காணொளி பதினோரு வினாடி வேண்டும்.

“பணம் வந்தாதான சார் ஜீப்பு ஓடும்?” என்றார் ரீத்தா.

சிவசங்கர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “எல்லா அமைப்பும் இதையேதான் சொல்றாங்க மேடம். இந்த மனநிலைய மாத்தணும்னுதான் நாங்க பாடுபடறோம். பணத்தக் குடுத்துட்டு பலன் வருமான்னு காத்திருந்த காலம் போச்சு. இப்ப பலனக் காட்டுங்க, பணம் தானா வரும். இது உலகத் தரம்.”

ரீத்தா கண் கலங்கிப் படியிறங்கினார். அய்யனாருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். கியர் இல்லாவிட்டால் என்ன, ஸ்டியரிங் இருக்கிறது.

“வண்டி ஓடணும், அவ்ளோதான சிஸ்டர்? நான் ஓட்டிக் காட்றேன்.”

வெங்கடேசன் பட்டறைக்கு முன்னால் தெரு நல்ல சரிவு. பட்டறை ஆட்கள் நான்கு பேர் ஜீப்பை மேட்டுக்குத் தள்ளினார்கள். ஏறி உட்கார்ந்த அய்யனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விட்டதும் ஜீப் ஜம்மென்று இறங்கியது. ‘ஓட்டுநர் நம்பிக்கையுடன் புன்னகைக்கவும்’ என்றது போன். அவர் புன்னகைத்ததோடு நில்லாமல் கையும் ஆட்டினார். பன்னிரண்டாவது வினாடியில் ஜீப் ஒரு மணல் குவியலில் போய் முட்டி நின்றது. ரீத்தா வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியதில்லை. மனசு உறுத்தியது. ஆனாலும் தேவிப்ரியாவின் நாளை நினைத்துக்கொண்டு காணொளியை அனுப்பிவிட்டார்.

பதில் அரை நிமிடத்தில் வந்தது. ‘மகிழ்ச்சி! உங்கள் வண்டி ஓடுகிறது. உங்கள் தேவை நிறைவடைந்தது. மீதமுள்ள தொகை வரிசையில் உள்ள அடுத்த தேவைக்கு மாற்றப்பட்டது.’

மீதமுள்ள தொகை என்பது முழுத் தொகை. ஓடுகிற ஜீப்புக்கு எதற்குப் பணம் என்று இயந்திரம் நினைத்திருக்கிறது. யோசித்தால் அதில் தவறு சொல்ல முடியாது. வரிசையில் அடுத்த தேவை எது என்று எழில்மதிதான் தேடிப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நிறுவனத்தின் ஈகைப் பெருவிழா. மண்டபம், பேனர், மதியச் சாப்பாடு.

ரீத்தா ஜவுளிக்கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவசங்கர் மேல் கோபம், இயந்திரத்தின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். பொய்யை அனுப்பியது தன் கைதானே. சோளமும் போயிற்று, ஜீப்பும் போயிற்று, இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. படியிறங்கி வந்த சிவசங்கர் நின்று ஆறுதல் சொன்னார். “விழாவுக்கு வாங்க மேடம். சிறந்த கதைக்கான விருது உங்களுக்குத்தான். மேடையில ஒரு சிறப்பு வேண்டுகோள் வெச்சா புதுக் கணக்குல மறுபடியும் ஆரம்பிக்கலாம்.”

வேறு வழி தெரியாமல் ரீத்தா அய்யனாரையும் கூட்டிக்கொண்டு போனார். கள்ளக்குறிச்சியிலேயே பெரிய கல்யாண மண்டபம். வாசலில் நிறுவனத்தின் புத்தம் புதிய மலையேறும் கார், ‘கடைசி மனிதர் வரை’ என்று எழுதி, மாலை போட்டு நின்றது. உள்ளே ஐந்நூறு பேர். பதினோரு மணிக்கு சிவசங்கர், தொழில்நுட்பம் கண்ணீரை எப்படி மக்கள்மயமாக்கியது என்று பேசிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ரீத்தாவுக்குப் போன் வந்தது. ராஜாம்பாள், மொட்டைப்பாறையிலிருந்து.

“நர்சம்மா, விடிகாலையிலேந்து வலிங்க. இப்ப பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சி. பத்து நாள் முன்னாடியே வந்துடுச்சே. ஜீப்பு எங்க வந்துக்கினு இருக்குது?”

ரீத்தா ஆண்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொன்னார். ஆம்புலன்ஸைத் தார்ச்சாலை முனைக்கு வரச் சொன்னார். பிறகு நேராக மேடையேறி, வாசலில் நிற்கும் காரைக் கொடுங்கள் என்று சிவசங்கரிடம் கேட்டார்.

“அது நன்கொடையாளர்களுக்குக் களத்தச் சுத்திக் காட்டற வண்டி மேடம்,” என்று சிவசங்கர் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். “பயனாளிங்க ஏறக் கூடாது. சீட்டு வீணாயிடும்.”

ரீத்தா மைக்கைப் பிடுங்கினார்.

“ஐயா, அம்மா, ஒரு பொண்ணு பிரசவ வலியில மலையில கெடக்குறா. தூளியில தூக்கிக்கினு வராங்க. எட்டு கிலோமீட்டர். என் ஜீப்பு ஓடல. ஓடுதுன்னு நான் பொய் சொல்லிட்டேன். உங்கள்ல யார்கிட்டயாவது மலையேறுற வண்டி இருந்தா இப்பவே எழுந்து வாங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.” மேற்கொண்டு பேச முடியாமல் அழுதுவிட்டார்.

ஐந்நூறு பேரும் எழுந்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடைத் திரையில் செயலி தொண்ணூற்றெட்டு என்று காட்டியது, விசில் பறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்துத் திரையிலிருந்த கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்துப் பணம் அனுப்பினார்கள். முன்வரிசையில் ஒருவர், இதை யார் எழுதிக் கொடுத்தது என்று பக்கத்தில் விசாரித்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஒருவரும் வரவில்லை. கைதட்டல் ஓய ஒன்றரை நிமிடம் ஆனது. ரீத்தா அதற்குள் சமையல்கட்டு வழியாக வெளியே ஓடிவிட்டார்.

பின்வாசலில் அப்போதுதான் சாப்பாட்டு வண்டி வந்து நின்றிருந்தது. அஜித் என்று ஒருவர் பிக்கப் வண்டியிலிருந்து அண்டாவை இறக்கப் போனார். அய்யனார் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

“அந்தப் பக்கமா? கெழங்கு ஏத்த வாராவாரம் போறதுதாங்க,” என்றார் அஜித். “ஒரு பத்து நிமிசம். சோத்த எறக்கிடறேன்.”

“எறக்காத. அப்டியே உடு,” என்றார் அய்யனார். “அது எங்க ஜீப்பு காசுல ஆக்குன சோறுதான்.”

வண்டி பறந்தது. பின்னால் ரீத்தா ஒரு கையில் பக்கக் கம்பியையும் மறு கையில் சாம்பார் அண்டாவின் மூடியையும் பிடித்துக்கொண்டிருந்தார். தார்ச்சாலை முடிந்து மூன்றாவது கிலோமீட்டரில் தூளி எதிரே வந்தது. எட்டு பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, வியர்வையில் நனைந்து வந்தார்கள். தேவிப்ரியாவைத் தொட்டுப் பார்த்ததுமே ரீத்தாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வரைக்கும் தாங்காது. இரண்டு சேலைகளைச் சுற்றிக் கட்டி மறைத்தார்கள். குழந்தையின் தலை சிக்கிக்கொண்ட அந்த நாலு நிமிடம் ரீத்தாவுக்கு உயிரே இல்லை. பிறகு கை தானாக வேலை செய்தது. வண்டியின் பின்பக்கத்தில், பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், பெண் குழந்தை வீறிட்டு அழுதது. தாயையும் பிள்ளையையும் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு, தூளி தூக்கிய எட்டு பேரையும் சாலையோரத்தில் உட்காரவைத்து, அஜித் இலை போட்டார். கூட்டு, பொரியல், அப்பளம் என்று எல்லாம் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் ரீத்தாவுக்குப் போன் வந்தது. சிவசங்கர்.

“மேடம், சாதனை! நீங்க பேசினதுக்கு நாலு லட்சம். சாப்பாடு வராததால யாரும் எழுந்து போகல, எல்லாரும் ரெண்டு தடவ அனுப்பினாங்க. சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? நன்கொடையாளர்களுக்கு முடிவு அனுப்பணும்.”

“பொண்ணு கொழந்த சார். மூணே முக்கால் கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

எழுதிக்கொண்டிருந்த சிவசங்கர் மறுபடி கேட்டார்.

“ரெண்டு பேருமா?”

“ஆமா சார்.”

“மேடம், நல்லா யோசிச்சு சொல்லுங்க. ஐந்நூறு பேர் எழுந்து நின்னு அழுதிருக்காங்க. இப்ப ரெண்டு பேருமே நல்லா இருக்காங்கன்னு போட்டா, ஏமாந்துட்டோம்னு நினைக்க மாட்டாங்களா? ஒரு சின்ன ஆபத்து, ஒரு நாள் மயக்கம், அந்த மாதிரி ஏதாவது?”

ரீத்தா கதவு வழியாக உள்ளே பார்த்தார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிடுங்க சார்,” என்றார். “என்னால ஆனது இவ்வளவுதான்.”